கத்தியும் வீடும்

1

ஆங்கிலத்தில் அமானுஷ்யக் கதை எழுதுகிறவர்களிடம் இன்று ஒரு வார்ப்பு வழக்கமாகிவிட்டது. இளம்பெண் ஒருத்தி. அவளுடைய அப்பாவோ பாட்டியோ இறந்துபோகிறார். பரணில் ஒரு பெட்டி அகப்படுகிறது. பெட்டிக்குள் ஒரு கத்தி, ஒரு நோட்டுப் புத்தகம். தன் வீட்டார் தலைமுறை தலைமுறையாக ஓநாய்மனிதர்களையும் ரத்தம் குடிக்கும் பிணங்களையும் வேட்டையாடி வந்தவர்கள் என்று அவளுக்குத் தெரியவருகிறது. முதலில் மறுக்கிறாள். பிறகு கத்தியை எடுத்துக்கொள்கிறாள். அத்தோடு கதை முடிந்தாலும் சரி, இருபது பாகங்களுக்கு நீண்டாலும் சரி, சொல்லப்படுவது ஒன்றுதான்: ஆயுதம் பரம்பரையாக வருகிறது, அதை ஏந்தத் தகுதியும் ரத்தத்திலேயே வந்துவிடுகிறது.

இந்த வகைக் கதைகளை மட்டம் என்று ஒதுக்கிவிடுவது சுலபம். நம்மிடையே அப்படி ஒதுக்குவதே ரசனைக்கு அத்தாட்சி என்று நினைக்கிற நண்பர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரு வார்ப்பு திரும்பத் திரும்ப எழுதப்படுகிறதென்றால் அதற்குள் தீராத விஷயம் ஏதோ இருக்கிறது என்றுதான் அர்த்தம். என் ஆட்சேபணை வேறு. இக்கதைகள் ஒரு கேள்வியைக் கவனமாகத் தவிர்த்துவிடுகின்றன. பெட்டியில் கத்தி இருந்தது சரி. கத்தியோடு கூட வேறு என்னென்ன வந்து சேர்ந்தன? கொல்லப்பட்டவர்களின் வீடு யாருக்குப் போயிற்று?

இந்த வார்ப்பின் பூர்வீகத்தைப் பார்த்தால் கேள்வி அங்கே மறைக்கப்படவில்லை. ஷெரிடன் லெ ஃபனுவின் ‘கார்மில்லா’ 1871-72இல் ஒரு லண்டன் பத்திரிகையில் தொடராக வந்த குறுநாவல். ஸ்டைரியா மலைநாட்டில் மலிவாக விலைக்கு வாங்கிய ஒரு கோட்டையில், ஆஸ்திரிய அரசிடம் பென்ஷன் வாங்கும் ஆங்கிலேயத் தந்தையோடு வாழும் லாரா என்ற பெண் அதைச் சொல்கிறாள். அவளை நாடி வரும் ரத்தக்காட்டேரி அவளுடைய இறந்துபோன தாயின் வம்சத்தவள். வேட்டையாடத் தெரிந்தவர் வேறொருவர்: வோர்டன்பர்க் பிரபு. முன்னோரின் பெரும் எஸ்டேட்டுகளெல்லாம் போய், மிஞ்சிய சொற்ப வருமானத்தில் காலம் தள்ளுகிறவர். காட்டேரியின் கல்லறை இருக்கும் இடத்தை அவர் அறிந்தது தம் முன்னோர் ஒருவர் விட்டுப்போன காகிதங்களிலிருந்து. அந்த முன்னோர் யார்? காட்டேரியானவள் உயிரோடிருந்தபோது அவளைக் காதலித்தவர். அவள் உடலை யாரும் சிதைத்துவிடக் கூடாதென்று கல்லறையை மறைத்தவர். வயதான காலத்தில் மனம் மாறி இடத்தைக் குறித்து வைத்தவர். வேட்டைக்காரனின் அறிவு காதலனின் அறிவாக இருந்திருக்கிறது. லாராவுக்குக் கத்தி கிடைப்பதில்லை. கல்லறை திறக்கப்படும்போது அவள் அங்கே இல்லவும் இல்லை. அரசாங்கக் கமிஷனின் அறிக்கை நகலிலிருந்துதான் அவளுக்குத் தெரிகிறது. ரத்தம் ஒருத்தியிடம், காகிதம் இன்னொருவரிடம், சொத்து இருவரிடமும் இல்லை. லெ ஃபனு இதைப் பிரித்தே வைத்துவிட்டுப் போனார்.

நூறு ஆண்டுகளுக்குச் சற்றே கழித்து, இவையெல்லாவற்றையும் ஒரே குழந்தையின் கையில் கொடுத்துப் பார்த்தவர் ஏஞ்சலா கார்ட்டர்.

2

1940இல் பிறந்து 1992இல் இறந்த கார்ட்டர், பெரோவின் தேவதைக் கதைகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1977இல் வெளியிட்டார். அடுத்த இரண்டு வருடங்களில், 1979இல், ‘தி ப்ளடி சேம்பர்’ தொகுதி வந்தது. பத்துக் கதைகள். கடைசி மூன்றும் ஓநாய்க் கதைகள். மூன்றில் முதலாவதும் மிகச் சிறியதுமான ‘தி வேர்வுல்ஃப்’ அச்சில் இரண்டு மூன்று பக்கத்தைத் தாண்டாது. தொகுதியைப் பற்றிப் பேசுகிறவர்கள் இதைத் தாண்டிக்கொண்டு, அடுத்ததாக வரும் ‘தி கம்பெனி ஆஃப் வுல்வ்ஸ்’ கதைக்குப் போய்விடுகிறார்கள். அது 1984இல் நீல் ஜோர்டன் இயக்கத்தில் சினிமாவாகவும் வந்துவிட்டதால் இன்னும் சௌகரியம். சின்னக் கதை ஒரு படிக்கட்டாக மட்டும் பார்க்கப்படுகிறது. நான் இதையே தொகுதியின் கடினமான கதை என்று சொல்வேன்.

கதை இது. குளிர்நாடு ஒன்றில் மரம்வெட்டிகளின் கிராமம். அம்மா மகளிடம், பாட்டிக்கு உடம்பு சரியில்லை, ரொட்டியும் வெண்ணெயும் கொண்டுபோய்க் கொடு என்கிறாள். காட்டு வழியே ஐந்து மைல். கரடியும் காட்டுப்பன்றியும் பசித்த ஓநாயும் உண்டு. பாதையை விட்டு விலகாதே. அப்பாவின் வேட்டைக்கத்தியை எடுத்துக்கொள், உனக்குத்தான் அதைக் கையாளத் தெரியுமே. குழந்தை போகிறது. ஓநாய் ஒன்று பாய்கிறது. அவள் கத்தியை வீசி அதன் வலது முன்பாதத்தை வெட்டிவிடுகிறாள். ஓநாய் விசும்புவதுபோல் ஒரு சத்தமெழுப்பி மூன்று காலில் நொண்டிக்கொண்டு ஓடுகிறது. குழந்தை கத்தியை ஏப்ரனில் துடைத்துவிட்டு, பாதத்தை ரொட்டி சுற்றியிருந்த துணியில் சுற்றிக்கொண்டு நடக்கிறாள். பனி கொட்டுகிறது. பாட்டி ஜுரத்தில் கிடக்கிறாள். நெற்றியில் ஈரத்துணி போடலாமென்று துணியை உதறும்போது பாதம் கீழே விழுகிறது. இப்போது அது பாதமில்லை. வேலை செய்து காய்த்துப்போன ஒரு கிழவியின் கை. ஒரு விரலில் கல்யாண மோதிரம். ஆள்காட்டி விரலில் ஒரு மரு. மருவைப் பார்த்து அது பாட்டியின் கை என்று தெரிந்துகொள்கிறாள். போர்வையை விலக்க, கிழவி திமிற, குழந்தை அவளை அழுத்திப் பிடித்துக்கொண்டு பார்க்கிறாள்: கையிருந்த இடத்தில் அழுக ஆரம்பித்துவிட்ட மொட்டை மணிக்கட்டு. குழந்தை சிலுவைக்குறி இட்டுக்கொண்டு கூச்சல் போடுகிறாள். அக்கம்பக்கத்தார் ஓடிவருகிறார்கள். மருவைப் பார்த்ததும் இது சூனியக்காரியின் முலைக்காம்பு என்று அவர்களுக்குத் தெரிந்துவிடுகிறது. கிழவியை உள்ளாடையோடு பனியில் விரட்டி, காட்டின் விளிம்புவரை அடித்துக்கொண்டுபோய், கல்லால் எறிந்து கொன்றுவிடுகிறார்கள். கடைசி வரி, குழந்தை அந்த வீட்டில் வசிப்பதையும் நன்றாக இருப்பதையும் மட்டும் சொல்லிவிட்டு நின்றுவிடுகிறது.

பெரோ 1697இல் எழுதியதில் பெண்குழந்தை ஓநாயின் வயிற்றுக்குள் போவதோடு முடிவு. கிரிம் சகோதரர்கள் 1812இல் ஒரு வேட்டைக்காரனைக் கொண்டுவந்து வயிற்றைக் கிழித்துக் காப்பாற்றினார்கள். கார்ட்டர் வேட்டைக்காரனை நீக்கிவிட்டார். அவனுடைய கத்தியை மட்டும் குழந்தையிடம் விட்டார். சிவப்பு முக்காட்டையும் எடுத்துவிட்டார். குழந்தை போட்டிருப்பது சொரசொரத்த ஆட்டுத்தோல். கதையில் சிவப்பு என்று எதுவுமிருந்தால் அது ஓநாயின் கண்ணிலும் பனியில் சிந்திய ரத்தத்திலும்தான்.

இதைப் படித்ததும் முதலில் எழுவது உற்சாகம். ஆண்துணை இல்லாமல் தானே மிருகத்தை வென்ற பெண். பலர் அந்த உற்சாகத்திலேயே நின்றுவிடுகிறார்கள். அப்படி நின்றுவிடுவதற்கு, முதல் பக்கத்தையும் கடைசி வரியையும் படிக்காமலிருக்க வேண்டும்.

3

முதல் பக்கத்தில் ஓநாய் இல்லை, குழந்தை இல்லை. குளிர் இருக்கிறது, அந்த மக்களின் வறுமை இருக்கிறது, பிறகு அவர்கள் நம்பும் விஷயங்களின் பட்டியல் ஒன்று இருக்கிறது. பிசாசு, சுடுகாட்டில் கூடும் சூனியக்காரிகள், வாசலில் கட்டும் பூண்டு. இவையெல்லாம் பருவநிலையைச் சொல்லும் அதே குரலில், அதே நிகழ்காலத்தில் சொல்லப்படுகின்றன. நடுவே ஆசிரியை போகிறபோக்கில் ஒன்று சொல்லிவைக்கிறார்: அவர்களுக்குப் பிசாசு நம்மைவிட நிஜம்; நம்மை அவர்கள் பார்த்ததே இல்லையே. சிரிக்க வைக்கும் வாக்கியம். ஆனால் அந்தச் சிரிப்பில் நாம் ஒரு பக்கமாகவும் அவர்கள் ஒரு பக்கமாகவும் பிரிக்கப்பட்டுவிடுகிறோம். பட்டியலின் முடிவில், ஒரு கிழவியைச் சூனியக்காரி என்று அவர்கள் எப்படிக் கண்டுகொள்கிறார்கள் என்பது வருகிறது. பக்கத்து வீட்டில் உறையாத நேரத்தில் அவளுடைய பாலாடைக்கட்டி பக்குவமாகிவிடும். அல்லது கறுப்புப் பூனை ஒன்று அவள் பின்னாலேயே போகும். உடனே துணியை அவிழ்த்து உடம்பில் குறி தேடுவார்கள். தேடினால் கிடைத்துவிடும். கல்லெறிந்து கொல்வார்கள்.

அதாவது, கதை தொடங்குமுன்பே முடிவு நமக்குச் சொல்லப்பட்டுவிட்டது. இன்னும் முக்கியமாக, அந்த முடிவு எதன்பேரில் வருகிறது என்பதும் சொல்லப்பட்டுவிட்டது. பால் நன்றாக உறைந்ததன்பேரில். அண்டைவீட்டாரிடம் இல்லாத ஒன்று அவளிடம் இருப்பதன்பேரில்.

இதைப் படித்துவிட்டு நாம் அந்த மக்களை நம்பாதவர்களாக, விலகி நின்று பார்க்கிறவர்களாக உட்கார்ந்திருக்கிறோம். அப்போது ஓநாய் பாய்கிறது. குரல் மாறவில்லை. ஆனால் ‘அவர்கள் நம்புகிறார்கள்’ என்ற திரை போய்விட்டது. ஓநாய் பாய்ந்தது, குழந்தை வெட்டினாள், பாதம் விழுந்தது. எல்லாம் நடந்த விஷயம். சற்று முன்பு நகைத்துக்கொண்டிருந்த வாசகன் இப்போது கிழவியின் கையைப் பார்த்து, ஆகா, பாட்டிதான் ஓநாய் என்று முடிவுகட்டுகிறான். எவ்வளவு சீக்கிரம்! அண்டைவீட்டார் அந்தக் குடிசைக்குள் நுழைவதற்கு முன்பே வாசகன் நுழைந்துவிட்டான்.

இந்த இடத்தில் பனி எதற்காகக் கொட்டுகிறது என்று கேட்டுப்பார்க்க வேண்டும். பாதையும், அதில் பதிந்திருக்கக்கூடிய காலடி, தடம் எல்லாமும் மறையும்படி பனி பெய்ததாக ஆசிரியை குறிப்பாகச் சொல்கிறார். ஓநாய் சிந்திப்போன ரத்தக்கோடு எங்கே போய் முடிந்தது என்று இனி யாரும் பார்க்க முடியாது. ஓநாயைப் பார்த்தவர் குழந்தையைத் தவிர யாருமில்லை. குடிசைக்குள் அண்டைவீட்டார் காண்பது என்ன? வெட்டுப்பட்ட ஒரு கை. கையில்லாத ஒரு கிழவி. கத்தி வைத்திருக்கும் ஒரு பேத்தி. ஓநாயை எடுத்துவிட்டால் மிஞ்சுவது இதுதான்.

ஓநாயை எடுத்துவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கதையைத் துப்பறியும் கதையாக மாற்றி, பேத்தி பொய் சொல்கிறாள் என்று தீர்ப்பளிப்பது மறுபக்கத்து அண்டைவீட்டாராக ஆவதுதான். பிரதியில் ஓநாய் நிஜமாகவே பாய்கிறது. அதன் விசும்பல் நிஜமாகவே கேட்கிறது. கார்ட்டர் செய்திருப்பது இதைவிடச் சிக்கலானது. ஓநாய் நிஜமாக இருந்தாலும் இல்லாவிட்டாலும் கிழவிக்கு நேர்வதும், வீட்டுக்கு நேர்வதும் ஒன்றேதான் என்கிற நிலையில் கதையை நிறுத்தியிருக்கிறார். அமானுஷ்யத்தை மறுக்காமலே அதன் கணக்கைக் கேட்பது என்பது இது.

மருவுக்கும் மோதிரத்துக்கும் வருகிறேன். வெட்டுண்ட பாதம் மனிதக் கையாக மாறுவது கார்ட்டரின் கற்பனையில் பிறந்ததல்ல. சூனிய வழக்குகளை விசாரித்த பிரெஞ்சு மொழி நீதிபதி ஆன்ரி போகே, 1602இல் அச்சான தம் நூலில், 1588இல் ஒவெர்ன் மலைப்பகுதியில் நடந்ததாக ஒரு சம்பவத்தைச் சொல்கிறார். வேட்டைக்காரன் ஒருவன் ஓநாயோடு போராடி அதன் பாதத்தை வெட்டுகிறான். அந்த வட்டாரத்துக் கனவான் ஒருவரிடம் காட்டப் பையிலிருந்து எடுத்தால் அது பெண்ணின் கை. விரலில் தங்க மோதிரம். கனவான் மோதிரத்தை அடையாளம் காண்கிறார். அது தம் மனைவியினுடையது. அவள் எரிக்கப்படுகிறாள். அங்கே அடையாளம் மோதிரம், அடையாளம் காண்பவன் கணவன். கார்ட்டரின் கதையிலும் மோதிரம் இருக்கிறது. அதை அவர் விரலிலிருந்து கழற்றவில்லை. கல்யாண மோதிரம், அதுவும் காலமெல்லாம் பார்த்துப் பழகிய பாட்டியின் மோதிரம், கண்ணெதிரே இருக்கிறது. குழந்தையோ மருவைப் பார்த்துத்தான் அடையாளம் காண்கிறாள்.

இது தற்செயலானது என்று என்னால் எண்ண முடியவில்லை. மோதிரம் கிழவியை ஒருத்தியின் மனைவியாக, ஒருத்தியின் தாயாக, ஒரு குடும்பத்துக்குள் இருப்பவளாகச் சொல்கிறது. மரு அவளை வெறும் உடம்பாகச் சொல்கிறது. இரண்டு அடையாளமும் ஒரே கையில் இருக்க, குழந்தை இரண்டாவதைத் தேர்ந்துகொள்கிறாள். அந்தக் கணமே காரியம் முடிந்துவிட்டது. அண்டைவீட்டார் அதே மருவுக்கு இன்னொரு பெயர் வைக்கிறார்கள், அவ்வளவே. மோதிரத்தைப் பற்றி அப்புறம் யாரும் பேசுவதில்லை.

4

இக்கதையைத் தமிழில் கொண்டுவர முயன்றபோது மூன்றாவது பத்தியிலேயே நின்றுவிட்டேன். தடுத்தது ஓநாயோ சூனியமோ அல்ல, உறவுமுறை. ஆங்கிலத்தில் ஒரே சொல். நமக்கு? அப்பத்தாவா, அம்மாச்சியா? பாட்டி என்று பொதுவாகப் போட்டுத் தப்பித்துக்கொள்ளலாம்தான். ஆனால் கிராமத்துத் தாய் ஒருத்தி மகளிடம் சொல்வதாக எழுதும்போது அந்தப் பொதுச்சொல் வாயில் வரவில்லை. எந்த ஊர்த் தாயும் யாருடைய அம்மா என்று சொல்லாமல் சொல்வதில்லை.

சொல் கேட்ட கேள்வியைக் கதையிடம் திருப்பிக் கேட்டேன். கதை பதில் சொல்லவில்லை. பதில் சொல்லாமலிருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று அப்போதுதான் தெரிந்தது. அப்பத்தா என்றால், மகனுடைய கத்தி தாயின் கையை வெட்டியிருக்கிறது; மருமகள் தன் மாமியாரிடம் மகளை ஆயுதத்தோடு அனுப்பியிருக்கிறாள். அம்மாச்சி என்றால், தன் சொந்தத் தாயிடம் கணவனின் கத்தியைக் கொடுத்து மகளை அனுப்பியிருக்கிறாள். இரண்டும் வெவ்வேறு கதைகள். வீட்டின்மேல் குழந்தைக்கு உள்ள பாத்தியதையும் இரண்டிலும் வேறு. கார்ட்டரின் ஆங்கிலம் இரண்டையும் ஒரே சொல்லின் கீழ் மூடி வைத்திருக்கிறது. நம் மொழி மூடியைத் திறந்துவிடுகிறது. மொழிபெயர்ப்பு விமர்சனமாக வேலை செய்வது இப்படிப்பட்ட இடங்களில்தான்.

அப்பா எங்கே? கதையில் அவர் இல்லை. இறந்தாரா, காட்டுக்குப் போயிருக்கிறாரா, தெரியாது. அவருடைய கத்தி மட்டும் இருக்கிறது. கத்தியைக் கையாளக் குழந்தைக்கு யார் கற்றுக்கொடுத்தது? அதுவும் தெரியாது. தெரியும் என்று தாய் உறுதியாகச் சொல்வது மட்டும் தெரியும். வேட்டைக் குடும்பத்தின் பரம்பரை என்று மற்றவர்கள் நோட்டுப் புத்தகமும் வம்சாவளியும் வைத்து முந்நூறு பக்கம் எழுதுவதை, கார்ட்டர் தாயின் அந்த ஒற்றை வாக்கியத்தில் அடக்கிவிட்டார். தலைப்பையும் கவனிக்க வேண்டும். ‘வேர்வுல்ஃப்’ என்ற சொல்லின் முற்பாதிக்குப் பழைய ஆங்கிலத்தில் ஆண் என்று பொருள். கதையில் ஓநாயாக வருபவளோ கிழவி. ஆணின் பெயரை மிருகமும் ஆணின் ஆயுதத்தைக் குழந்தையும் எடுத்துக்கொண்டு மோதுகின்றன. ஆண் மட்டும் இல்லை.

இதே தொகுதியின் தலைப்புக் கதையை இதனருகில் வைத்துப் பார்க்கலாம். அதில் மனைவிகளைக் கொல்லும் பிரபுவிடமிருந்து மகளைக் காப்பாற்றத் தாய் குதிரையில் வருகிறாள். இறந்த கணவனின் ராணுவக் கைத்துப்பாக்கியால் பிரபுவின் தலையில் சுடுகிறாள். இந்தோசீனாவில் தேயிலைத் தோட்டக்காரரின் மகளாக வளர்ந்து, சின்ன வயதிலேயே ஹனோய்க்கு வடக்கே மலைகளில் ஆட்கொல்லிப் புலி ஒன்றைத் தன் கையாலேயே சுட்டுக் கொன்றவள் என்று அவளைப் பற்றி முன்பே சொல்லப்பட்டிருக்கிறது. ஆக, அங்கேயும் மிருகவேட்டைப் பரம்பரை. அங்கேயும் ஆணின் ஆயுதம் பெண்ணின் கையில். ஆனால் அந்தக் கதை நம்மைக் கைதட்ட வைத்து வழியனுப்பிவிடுகிறது. கொல்லப்பட்டவன் பிரபு, சாக வேண்டியவன், அவன் வீட்டையும் பணத்தையும் நல்ல காரியங்களுக்குக் கொடுத்துவிடுகிறார்கள். கணக்கு நேராகிவிட்டது. புலி யாருடைய காட்டில் இருந்தது, தோட்டம் யாருடைய மண்ணில் போடப்பட்டது என்பதை மட்டும் அந்தக் கதை கேட்டுக்கொள்ளவில்லை.

‘தி வேர்வுல்ஃப்’ கைதட்ட விடுவதில்லை. கொல்லப்பட்டவள் பிரபு இல்லை, கை காய்த்துப்போன கிழவி. கொன்றவள் அவளுக்கு ரொட்டி கொண்டுவந்தவள். அடுத்த கதையான ‘தி கம்பெனி ஆஃப் வுல்வ்ஸி’ல் பெண், காட்டில் சந்தித்தவனிடம் கூடையைக் கத்தியோடு கொடுத்துவிடுகிறாள், கத்தியில்லாமல் ஓநாயை எதிர்கொள்கிறாள், சிரிக்கிறாள், கடைசியில் அதன் கால்களுக்கிடையே நிம்மதியாகத் தூங்குகிறாள். இரண்டு கதைகளையும் அடுத்தடுத்து வைத்ததில் ஒரு யோசனை இருப்பதாக எனக்குப் படுகிறது. கத்தியைக் கொடுத்தவளுக்கு ஓநாய் கிடைத்தது. கத்தியை வைத்துக்கொண்டவளுக்கு வீடு கிடைத்தது.

5

வீட்டைப் பற்றிப் பேசுவது இலக்கியத்தைவிட்டு சமூகவியலுக்குப் போய்விடுவது என்று சிலருக்குத் தோன்றலாம். கதையே வீட்டில் போய் முடிகிறபோது விமர்சகன் எங்கே போவான்?

அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பகுதியில் பதினேழாம் நூற்றாண்டில் நடந்த சூனிய வழக்குகளை ஆராய்ந்த கேரல் கார்ல்சன், 1987இல் வெளியிட்ட நூலில் ஒன்றைச் சுட்டிக்காட்டினார். சகோதரனோ மகனோ இல்லாததால் சொத்துக்கு வாரிசாகிவிட்ட, அல்லது ஆகக்கூடிய பெண்களே குற்றம் சாட்டப்பட்டவர்களில் அதிகம் காணப்படுகிறார்கள். ஆணிடமிருந்து ஆணுக்குப் போக வேண்டிய சொத்தின் வழியில் அவர்கள் குறுக்கே நின்றார்கள் என்பது அவர் வாதம். கார்ட்டரின் கதை இதற்கு எட்டு வருடம் முந்தியது. கடல்கடந்த பழைய விஷயம் என்று இதை வைத்துவிடவும் முடியாது. சூனியக்காரி என்று முத்திரை குத்துவதைத் தடுக்க 1999இல் பீகாரிலும், 2001இல் ஜார்கண்டிலும் தனிச்சட்டம் போட வேண்டியிருந்தது. ஜார்கண்ட் ஆதிவாசிக் கிராமங்களை ஆராய்ந்த கோவிந்த் கேல்கரும் தேவ் நாதனும், கணவனின் நிலத்தில் விதவைக்கு இருந்த ஆயுட்கால உரிமையையும், அவள் போனால் அந்த நிலம் யாருக்குச் சேரும் என்பதையும் இந்தக் குற்றச்சாட்டுகளோடு சேர்த்துப் பார்த்தார்கள்.

ஆனால் கார்ட்டர் இந்த ஆய்வுகளுக்கு உதாரணக் கதை எழுதிக்கொடுத்தவர் அல்ல. ஆய்வில் வீட்டை எடுத்துக்கொள்பவன் பெரும்பாலும் ஆண். கதையில் அது ஒரு பெண்குழந்தை. பட்ரீஷியா டன்கர் 1984இல் எழுதிய கட்டுரையில், தேவதைக் கதை என்கிற உருவமே ஆண் அதிகாரத்தின் படைப்பு, அதற்குள் புகுந்து கார்ட்டரால் அதை உடைக்க முடியவில்லை என்று குற்றம் சாட்டினார். மற்றக் கதைகளுக்கு அது எவ்வளவு பொருந்துமோ, நான் வாதாட வரவில்லை. இந்தக் கதைக்குப் பொருந்தாது. பழைய உருவத்துக்குள் புகுந்து ஜெயித்த பெண் என்ன ஆகிறாள் என்பதே இதன் விஷயம். கத்தி அவளிடம் வந்தபோது, கத்தியைப் பிடித்திருந்த கையின் பழக்கங்களும் வந்துவிட்டன. சிலுவைக்குறி இட்டுக்கொள்ளவும், சரியான நேரத்தில் கூச்சல் போடவும், ஊரைத் தன் பக்கம் சேர்த்துக்கொள்ளவும் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. பழைய கதைகளில் இருந்த உட்பொருளை வெளியே கொண்டுவருவதுதான் தம் நோக்கம், அவற்றுக்கு மறுவடிவம் கொடுப்பதல்ல என்று கார்ட்டர் பேட்டியொன்றில் சொல்லியிருக்கிறார். ஓநாயின் வயிற்றில் பாட்டியைக் கண்டது பெரோவின் கதை. ஓநாயே பாட்டி என்று கண்டது உட்பொருள். அந்தப் பாட்டியின் இடத்தில் இப்போது பேத்தி உட்கார்ந்திருக்கிறாள் என்பது அதற்கும் உள்ளே இருப்பது. பால் அவளுக்கும் நன்றாகத்தான் உறையும். ஒருநாள் அவளும் கிழவியாவாள். கதை இதைச் சொல்வதில்லை; ஆனால் முதல் பக்கத்திலிருந்த பாலாடைக்கட்டி கடைசி வரியைப் படிக்கும்போது ஞாபகத்துக்கு வந்துவிடுகிறது.

இதனால்தான் பரணில் பெட்டி கண்டெடுக்கும் இன்றைய கதைகள் எனக்குப் போதாமல் போகின்றன. அவற்றில் அரக்கன் எப்போதும் வெளியே இருந்து வருகிறான். வேட்டைக்காரியின் கை எப்போதும் சுத்தமாக இருக்கிறது. பெட்டி எந்த வீட்டுப் பரணில் இருந்தது, அந்த வீடு எப்படி வந்தது என்று ஒருமுறை கேட்டிருந்தால் அவற்றில் சிலவாவது கதையாகியிருக்கும். எழுதுகிறவர்களாகிய நமக்கும் இந்தக் கேள்வியில் பங்கு இருக்கிறது. முந்தின தலைமுறையை ஓநாய் என்று கண்டுபிடித்து, அது சொந்தப் பாட்டியின் கைதான் என்று மருவை வைத்து நிரூபித்து, ஊரைக் கூட்டிவிட்டு, அந்த வீட்டிலேயே குடியிருந்துகொண்டு எழுதுவது எந்த இலக்கிய உலகத்துக்கும் புதிதல்ல. ஓநாயே இல்லை என்று நான் சொல்லவில்லை. மோதிரத்தையும் பார்த்தோமா என்றுதான் கேட்கிறேன்.

மொழிபெயர்ப்பை மறுபடி எடுத்தேன். பாட்டி விஷயத்தில் இன்னும் முடிவுக்கு வரவில்லை. கடைசி வரியில் வேறொரு சிக்கல் காத்திருந்தது. ஆங்கிலத்தில் அங்கே இரண்டு வினைகள்: ஒன்று வசிப்பது, இன்னொன்று செழிப்பது. தமிழில் இரண்டுக்கும் ‘வாழ்ந்தாள்’ என்ற ஒரு சொல்லே போதும். வாழ்ந்த குடும்பம் என்றும் வாழ்ந்து கெட்ட குடும்பம் என்றும் நாம் சொல்லும்போது அந்தச் சொல்லில் குடியிருப்பும் சொத்தும் சேர்ந்தே இருக்கின்றன. ஆனால் குழந்தை என்று எழுதினால் வினை ‘வாழ்ந்தது’ என்று அஃறிணையாக முடிகிறது. ‘வாழ்ந்தாள்’ என்று எழுதினால் அங்கே குழந்தை இல்லை. கதை முழுவதும் குழந்தை என்றே எழுதிக்கொண்டு வந்தவன் அந்த வரியில் அவளைக் குழந்தையாகவே விடுவதா, வீட்டுக்காரியாக்கிவிடுவதா? கைப்பிரதியில் இரண்டையும் எழுதி வைத்திருக்கிறேன். இன்னும் எதையும் அடிக்கவில்லை.